மூன்று ஷிஃப்ட் பார்த்த கார்

நெய்வேலியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை யாரும் நம்புவதில்லை. நின்றுபோனதையாவது நம்புவார்கள், அதற்கு என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். சத்தம் போடாமல் ஓடுகிற ஒன்றைக் கண்டால்தான் இந்த ஊர்க்காரர்களுக்குக் கை பரபரக்கும். சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான்கு வருடம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்ததில் மறந்துபோயிற்று.

எங்கள் வம்சத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அப்பா கம்மாபுரம் பக்கம் கூலி வேலை செய்து, பிறகு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளியானவர். இன்றைக்கும் கான்ட்ராக்ட்தான். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை: பர்மனென்ட் ஆனவர்கள், ஆகாதவர்கள். எனக்கு வேலை கிடைத்தது மந்தாரக்குப்பத்தில், பஷீர் பாயின் பழைய கார் விற்கும் கடையில். பாய், நான், காவலுக்கு ஒரு நாய். மூன்று பேரில் நான் மட்டும் தற்காலிகம். (நாய் எனக்கு முன்பே சேர்ந்தது.)

அந்தக் கடையில் ஒரு கார் நெடுநாளாக நின்றது. கார் என்றால் டாக்டருக்கும் பண்ணையாருக்கும்தான் என்றிருந்த காலம் போய், மாதச் சம்பளக்காரர்கள் முதன்முதலாக வாங்கத் தொடங்கிய சின்ன ரகம். சோப்பு டப்பா மாதிரி இருக்கும். விலை குறைவு. சாவியைத் திருப்பினால் கிளம்பும். வழியில் நின்றதாகப் புகாரே இல்லை. ஆனாலும் பழசு என்று ஒருவரும் சீண்டவில்லை.

“தம்பி, இந்த மாசத்துக்குள்ள இத வித்துக் காட்டு. பர்மனென்ட் பண்ணி லெட்டர் குடுக்கறேன்” என்றார் பாய்.

இதை வீட்டில் சொல்லித் தொலைத்தேன். அன்று சாயங்காலமே அப்பா தெரு முழுக்க, “பையனுக்கு பர்மனென்ட் ஆவுது” என்று சொல்லிவிட்டார். இனி ஆகாமல் வீடு திரும்ப முடியாது.

ஆள் கிடைக்காமலும் இல்லை. ஜெயந்தி டீச்சர், ரிட்டயர் ஆகப் போகிறவர், புதிதாக லைசென்ஸ் எடுத்திருந்தார். “திருவதிகை கோயிலுக்குப் போய்ட்டு வரணும்பா. வழியில நிக்கக் கூடாது. வேற ஒண்ணும் வேண்டாம். சனிக்கிழமை ரெண்டு மணிக்கு எங்க பிளாக் பஸ் ஸ்டாப்புக்கு எடுத்துட்டு வா” என்றார்.

நான் இரண்டு மணிக்குப் போய், சாவியைக் கையில் கொடுத்திருக்கலாம். என் படிப்பு விடவில்லை. காரைச் சுற்றிக் கூட்டம் நின்றால் டீச்சர் பார்த்ததும் வாங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டு, ஷிஃப்ட் மாறும் நேரமாகப் பார்த்து ஒரு மணிக்கே போனேன். காரின் பக்கவாட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினேன்: ‘விலை குறைவு, நம்பிக்கை நிறைவு. குறை இருந்தால் கண்டுபிடியுங்கள்.’

இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு பஸ் பிடிக்க நின்ற காக்கிச் சட்டைகள் அத்தனையும் திரும்பிப் பார்த்தன. குணசேகரன் அண்ணன் முன்னால் வந்தார். கன்வேயர் பெல்ட்டில் ஃபிட்டர்.

“இன்னா தம்பி, கண்டுபுடிக்கலாமா?”

“தாராளமா பாருங்கண்ணே.”

“பானெட்ட தொற.”

திறந்தேன்.

“கார்புரேட்டர எப்ப கழட்டின?”

“நல்லாத்தானேண்ணே ஓடுது. எதுக்குக் கழட்டணும்?”

“நல்லா ஓடிகினு இருக்கும்போதே கழட்டணும். நின்னப்புறம் கழட்டுனா அதுக்குப் பேரு பிரேக்டவுன். நீ இன்னா படிச்சிருக்க?”

“பி.இ. மெக்கானிக்கல்.”

“அதான்” என்றவர் சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

இப்போது வரும் கார்களில் கை வைக்க முடியாது; எல்லாம் கம்ப்யூட்டர். பல வருடப் பசி அவர்களுக்கு. கோளாறு மெக்கானிக்கலா எலக்ட்ரிகலா என்று இரண்டு டிபார்ட்மென்டும் சண்டை பிடித்துக்கொண்டன. (கோளாறே இல்லை என்று நான் சொன்னதை இரண்டு டிபார்ட்மென்டும் கேட்கவில்லை.) என் ஃப்ளெக்ஸை அவிழ்த்துத் தரையில் விரித்து, கழற்றியதை அதன்மேல் அடுக்கினார்கள். ‘நம்பிக்கை’யின் மேல் கார்புரேட்டர் உட்கார்ந்தது.

பஸ் வந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

“அண்ணே, மாட்டிட்டுப் போங்கண்ணே.”

“டூட்டிக்கு லேட்டாவுது தம்பி. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சி செல்லையா வருவான். அவன்கிட்ட சார்ஜ் குடுத்துடறேன்.”

சுரங்கத்தில் வேலை பாதியில் இருந்தால் அடுத்த ஷிஃப்ட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவார்கள். என் காரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

சொன்னபடி இரண்டு மணிக்கு டீச்சர் வந்தார்.

“வண்டி எங்கப்பா?”

“இதுதான் டீச்சர்.”

கொஞ்ச நேரம் பார்த்தார். “மீதி?”

“ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வந்து மாட்டுவாங்க டீச்சர்.”

டவுன்ஷிப்பில் முப்பது வருடம் இருந்தவர். இது அவருக்கு நியாயமான பதிலாகவே பட்டது. மரத்தடியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தத் தொடங்கினார்.

முதல் ஷிஃப்ட் முடிந்து செல்லையா அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். திருநெல்வேலிக்காரர். ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. “எவம்ல இத இப்டி கழத்திப் போட்டான்? செகண்ட் ஷிஃப்ட்டுக்காரன் வேலையில என்னைக்கு ஒழுங்கு இருந்திருக்கு? எல்லாத்தையும் முதல்லருந்து பாக்கணும்.”

மாட்டுவதற்கு வந்தவர்கள் ரேடியேட்டரையும் கழற்றினார்கள். பிறகு காலை நாலு மணிக்கு எழுந்தவர்களுக்குப் பசி வந்துவிட்டது. “நைட் ஷிஃப்ட்டுல நம்ம பய இருக்கான். போன்ல சார்ஜ் குடுத்திருதேன்” என்று செல்லையா அண்ணன் போய்விட்டார்.

டீச்சர் தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டார். “நீ நல்ல பையன்பா. வண்டியும் நல்ல வண்டியாத்தான் இருந்திருக்கும். நான் ஆட்டோல போயிக்கறேன்.”

அந்த நேரம் பார்த்து பாய் போன் செய்தார். “என்ன தம்பி, ஆளு வந்தாங்களா?”

“பாத்துகினு இருக்காங்க பாய்.”

“எத்தன பேரு?”

“மூணு ஷிஃப்ட்டு.”

வண்டி பத்து நாள் அந்த பஸ் ஸ்டாப்பிலேயே நின்றது. ஒரு ஷிஃப்ட் மாட்டும், அடுத்த ஷிஃப்ட் பார்த்துவிட்டு “யாருய்யா மாட்டுனது?” என்று கழற்றும். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். போகிற வருகிறவர்கள் அப்பாவிடம், “பையன் பஸ் ஸ்டாப்புலதான் வேல செய்றானா?” என்று விசாரித்தார்கள். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

மாதத்தின் கடைசி நாள். தான் வைத்த கார்புரேட்டர் செட்டிங்கை செல்லையா மாற்றிவிட்டார் என்று தெரிந்ததும் குணசேகரன் அண்ணன் நேராகக் கடைக்குப் போனார். “பாய், வண்டிய நான் எடுத்துக்கறேன். இனிமே எவன் கையும் அதுல படக் கூடாது.”

பாய் வார்த்தை மாறவில்லை. கடை லெட்டர்பேடிலேயே உத்தரவு எழுதிக் கொடுத்தார். அப்பா அதை லேமினேஷன் செய்து, வாசலில் நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிற ஒவ்வொருவரும் வாசிக்கிறார்கள். முதல் வரியில், நான் இன்று முதல் பர்மனென்ட். இரண்டாவது வரியில், மேற்படியார் எக்காரணம் கொண்டும் எந்த வண்டியின் பானெட்டையும் திறக்கக் கூடாது.

இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி மக்கர் செய்து நான் பக்கத்தில் போனால், அம்மா சுவரைக் காட்டுகிறாள்.