வரிசையில் நின்ற ஆட்டின் ராஜா

ஒரு காட்டில், மழைக்காலத்துக்கு முன்னால் மேட்டுக் குகைகளை ஒதுக்கித் தர ஓர் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பலாமரம், அதில் ஒரு பொந்து, பொந்துக்குள் தாவீது என்ற குரங்கு. அவன்தான் எழுத்தர், அவன்தான் அதிகாரி.

அந்த வருஷம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு குகை. கேட்டு வந்தவர்கள் நாலு பேர். எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றவள் காத்தாயி என்ற முள்ளம்பன்றி. அவளுக்கு நிறைமாதம். போன மழையில் அவளுடைய ஆற்றங்கரை வளைக்குள் வெள்ளம் புகுந்து, மூன்று நாள் ஒரு வேரைக் கவ்விக்கொண்டு தொங்கினாள். இந்த மழையில் அப்படித் தொங்க முடியாது என்று அவள் வயிறே சொல்லிற்று.

அவளுக்குப் பின்னால் நல்லதம்பி என்ற நரி. அவனுக்குப் பின்னால் கஜலட்சுமி என்ற யானை.

“அக்கா, அந்தக் குகைக்குள்ள நீங்க எப்படி நுழைவீங்க?” என்று காத்தாயி பணிவாகக் கேட்டாள்.

“ஒரு காலையாவது நனையாம வச்சுக்குவேன்டி” என்றாள் கஜலட்சுமி.

கடைசியாக வந்தது சிங்கராஜா கர்ஜனபூபதி. வந்த வேகத்தில் நேராகப் பொந்தருகே போனது. “டோக்கன் இல்லாம யாருக்கும் கிடையாதுங்க மகாராஜா” என்றான் தாவீது. ஆனால் டோக்கன் சுருளை முந்தாநாள் அவனே இழுத்து இழுத்துப் பார்த்து, முழுவதையும் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, மழைத்தூறலில் நனைத்துக் கூழாக்கியிருந்தான். வேறு வழியில்லாமல், சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன சீட்டுக்கட்டைக் கலைத்து ஆளுக்கு ஒன்று போட்டான்; பெரிய சீட்டுக்கே முதல் இடம்.

யானைக்கு ஏஸ். நரிக்கு ஜாக்கி. காத்தாயிக்கு ஒன்பது.

“மகாராஜாவுக்கு ஆட்டின் ராஜா” என்றான் தாவீது.

“என்னது? நாம் ஆட்டுக்கு ராஜாவா?”

“இதயம் போட்ட சீட்டுக்கு ஆட்டின்னு பேருங்க.”

“ஓ” என்று பிடரியைத் தடவிக்கொண்டது சிங்கம். “எப்படியோ, ராஜா. ஆகவே நாமே முதல்.”

“இல்லீங்க. ராஜாவுக்கு மேல ஏஸ்.”

சிங்கம் கஜலட்சுமியின் சீட்டை உற்றுப் பார்த்தது. நடுவில் ஒரே ஒரு புள்ளி. “இந்தப் பொட்டு நமக்கு மேலா? கிரீடம் கூட இல்லையே! வேறு ஆட்டத்தின்படி வரிசை போடு!”

நரி குனிந்து கும்பிட்டது. “மகாராஜா, முந்நூற்று நாலுன்னு ஒரு ஆட்டம் இருக்கு. பெரிய மனுஷங்க ஆடுறது.”

“பெயரே கம்பீரமாக இருக்கிறது. ஒப்பினோம்” என்று சிங்கம் விண்ணப்பத்தில் பாதத்தை அழுத்தி முத்திரை வைத்துவிட்டது.

நரி நிமிர்ந்தது. “அந்த ஆட்டத்துல ஜாக்கிதான் உசத்தி. முப்பது. அடுத்து ஒன்பது, இருபது. ஏஸுக்குப் பதினொண்ணு. ராஜாவுக்கு மூணு.”

“மூன்று நூறா?”

“வெறும் மூணுங்க. ராணிக்கு ரெண்டுதான். அதை நினைச்சு மனசைத் தேத்திக்குங்க.”

சிங்கம் கர்ஜித்தது. மரத்திலிருந்து நாலு பலாக்காய் விழுந்தன. காத்தாயிக்கோ உள்ளுக்குள் ஒரு குதி. ஒன்பதுக்கு இவ்வளவு மதிப்பா! இன்னும் ஒரே ஒருவரைத் தாண்டினால் போதும்.

கஜலட்சுமி விடவில்லை. “ரம்மிப்படி போடு தம்பி. அதுல ஏஸு ராஜாவுக்கு மேலயும் உக்காரும், ரெண்டுக்குக் கீழயும் உக்காரும்.”

“அப்ப நீங்க வரிசைக்கு முன்னால நிக்கணுமா, பின்னால நிக்கணுமா?” என்று கேட்டான் தாவீது.

அவள் யோசித்தாள். பிறகு தும்பிக்கையைப் பொந்துக்குள் விட்டு, உடம்பை வளைத்து, வாலைக் கடைசியில் நின்ற சிங்கத்துக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். வரிசை வட்டமாகிவிட்டது. யார் யாருக்கு முன்னால் என்று யாருக்கும் தெரியவில்லை. நரி தன் வாலையே பார்த்து, “கொஞ்சம் நகருங்க சார்” என்றது.

அப்போதுதான் காத்தாயி வாயைத் திறந்தாள். புதருக்குள் ஒளிந்து எத்தனை சுற்றுலாக்காரர்களின் ஆட்டத்தை அவள் பார்த்திருக்கிறாள்!

“ரம்மின்னா கையில நிக்கிற சீட்டு தண்டப் புள்ளிதானே? ஏஸுக்குப் பத்து, ராஜாவுக்குப் பத்து, ஜாக்கிக்கும் பத்து. எனக்கு ஒன்பது. குறைச்சலா வச்சிருக்கறவங்கதானே முதல்?”

தாவீது விரல்விட்டு எண்ணினான். கைவிரல் போதாமல் கால்விரலும் எண்ணினான். “ஆமா. காத்தாயிதான் முதல்.”

அவள் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற நரி “ஐயோ!” என்று அலறித் தள்ளி விழுந்தது.

“நில்!” என்றது சிங்கம். “ரம்மியில் ஜோக்கர் எங்கே? ஜோக்கர் வெட்டாமல் ரம்மியா?”

விதி விதிதான். தாவீது கட்டை வெட்டினான். வந்தது கிளாவர் ராஜா.

“ராஜா வந்ததால எல்லா ராஜாவும் ஜோக்கர்தான்!” என்றான் தாவீது. “ ஜோக்கருக்குத் தண்டம் பூஜ்யம். மகாராஜாதான் முதல்! இந்தப் படிவத்துல ‘நான் ஜோக்கர்’னு எழுதி முத்திரை வச்சா, வேலை முடிஞ்சது.”

காத்தாயிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. சிங்கம் இங்கும் அங்கும் நடந்தது. வானத்தைப் பார்த்தது. மேகம் கறுத்திருந்தது. அதன் பழைய குகையில் ஒழுகாத இடம் வாசல் ஒன்றுதான்.

“எழுதிக்கொள்” என்றது. “நாம் ஜோக்கர்.” முத்திரை விழுந்தது.

முதல் இடி இடித்தது. அந்தச் சத்தத்தில் காத்தாயிக்கு ஒன்று பளிச்சென்று தட்டியது.

“தாவீது தம்பி, ஜோக்கரைத் தனியா வச்சு யாராவது ஆடிப் பாத்திருக்கியா?”

“இல்லையே. இல்லாத சீட்டு இருக்க வேண்டிய எடத்துலதான் அதை வைப்பாங்க.”

“அப்ப அது யாரு எடத்துல நிக்குதோ, அவங்க சீட்டாத்தானே கணக்கு?”

“ஆமா, அவங்க சீட்டுதான்.”

“சரி. எனக்கு இடுப்பு வலிக்குது. நான் போய் அந்தப் பாறை மேல உக்காந்துக்கறேன். இந்த எடத்துல இப்ப ஒன்பது இல்ல.” அவள் அசைந்து அசைந்து போய் உட்கார்ந்துகொண்டாள். “மகாராஜா, கொஞ்சம் எனக்காக நில்லுங்க.”

தாவீது விதிப்புத்தகத்தைப் புரட்டினான். புத்தகம் காலி. ஆனால் புரட்டிய விதத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. “ஒன்பதின் இடத்தில் ஜோக்கர். ஒதுக்கீட்டு ஆணை ஒன்பதின் பெயரில்!”

சிங்கம் தான் வைத்த ஜோக்கர் முத்திரையைப் பார்த்தது. ஆணையை வாங்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் நடந்துபோய், தானே காத்தாயியிடம் நீட்டியது.

அன்று மாலையே அந்தக் குகையில், காய்ந்த சருகுமேல், அவளுக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. இரண்டும் நனையவே இல்லை.

சிங்கத்துக்கும் குறை ஒன்றுமில்லை. விஷயம் பரவி, மறுநாள் முதல் காடே அதைத் தேடி வந்தது. “மகாராஜா, எனக்கு எறும்புப் புற்று அனுமதி வாங்கணும், சித்த நில்லுங்க.” “மகாராஜா, தேன்கூட்டுப் படிவம்.” முன்பெல்லாம் அது வந்தால் ஓடியவர்கள், இப்போது கையைப் பிடித்து இழுத்தார்கள். ராஜாவாக இருந்த நாளில் இவ்வளவு பேர் தன்னிடம் பேசியதே இல்லை என்று அது பூரித்துப்போய், நரிக்காக மட்டும் ஒரே நாளில் மூன்று வரிசைகளில் நின்றது.

நீதி: வரிசையில் கால் கடுக்க நிற்பவர் ஏமாளி அல்ல, தனக்காக நிற்க ஒரு ராஜாவைப் பிடிக்கத் தெரியாதவரே ஏமாளி.