சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம்

சாப்பிட்டவுடன் நான் படுக்க மாட்டேன். பெண்டாட்டி சொன்னாலும் சரி, போலீஸே வந்து சொன்னாலும் சரி, இரண்டு மணி நேரம் ஆகாமல் என் முதுகு பாயில் படாது. இந்தப் பிடிவாதத்தால் என் தங்கையின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அன்றைக்கும் நான் படுக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் வேலை எனக்கு. ஒரு நாளைக்குப் பத்து டீ ஓடும். வேலை முடிந்து வந்ததும் காரக்குழம்பை ஊற்றி ஒரு குண்டான் சோற்றைத் தின்றுவிட்டு அப்படியே சாய்வேன். புளித்த தண்ணீர் நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டைக்கு ஏறும். (மாரடைப்பு என்று நினைத்து மூன்று முறை மனைவியிடம் விடைபெற்றிருக்கிறேன். மூன்றாவது முறை அவள் எழுந்திருக்கவே இல்லை.)

உத்திரமேரூர் டாக்டரம்மா மாத்திரையைவிடப் பேச்சைத்தான் அதிகம் கொடுத்தார். வெறும் வயிற்றில் டீ கூடாது. மிளகாயைக் குறைக்க வேண்டும். அரை வயிறுதான் சாப்பாடு, அதையும் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைக்க வேண்டும். சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் படுக்காமல், மெதுவாக நடக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், வாத்தியார் சொன்ன எதையும் மனப்பாடம் செய்ததில்லை. இதைச் செய்தேன். ஆலையில் ‘பத்தியக்காரன்’ என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். எரிச்சல் குறைந்தது எனக்குத்தானே தெரியும்?

அந்தச் சமயத்தில்தான் தங்கை தேவகிக்குச் சாலவாக்கத்தில் ஒரு வரன் வந்தது. பையன் டிராக்டர் ஓட்டுபவர். ஏற்கெனவே இரண்டு இடம் கைகூடாமல் போய், தேவகி கோயிலுக்குக்கூடப் போவதை நிறுத்தியிருந்தாள். அப்பா இல்லாததால் அவர் இடத்தில் நான். எனக்குக் கூச்சம் அதிகம், நாலு பேர் கூடினால் தலையாட்டுவதோடு சரி. அதனால் பேசுவதற்குக் கண்ணப்பன் மாமாவை அழைத்துக்கொண்டு போனேன்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்போம். பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நனைத்த பிறகு விசாரித்தால் அதைவிட அவமானம் இல்லை.

கை நனைத்தோம். வடை, பாயசம், வத்தக்குழம்பு. மூன்று மணிக்குத் தட்டு மாற்றலாம் என்று பேசிவிட்டு, பையனின் அப்பா முனுசாமி பாயும் தலையணையும் கொண்டுவந்து போட்டார். “சித்த நேரம் சாயுங்க.”

மாமா சாய்ந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண் கேட்டாள். “பொண்ணு வூட்டுக்காரரா? பையனப் பத்தி விசாரிக்கிறீங்களா?”

கூச்சத்தில் தலை தானாக ஆடிவிட்டது.

“பையன் தங்கம்ணா. ஒரு பீடி கெடயாது. அவங்க நைனாதான்... கொயம்புல உப்பு கம்மின்னா தட்டு வாசலுக்கு வந்துடும்.”

பெட்டிக்கடைக்காரரும் கேட்காமலே அதையே சொன்னார். இரண்டாவது சுற்றில் ஜனங்கள் வாசலில் நின்று எனக்காகக் காத்திருந்தார்கள். மூன்றாவது சுற்றில் முனுசாமியே எதிரில் வந்தார். பின்னால், தூக்கம் கலைந்த மாமா.

“இன்னாங்க இது? எங்க வூட்ல கை நனச்சிட்டு, தெருவுல வூடு வூடா விசாரிச்சிக்கினு கீறீங்க?”

“இல்லீங்க, சும்மா நடந்தேன்.”

“இந்த வெயில்லயா? அப்ப உள்ள வந்து படுங்க. நீங்க விசாரிக்கலன்னு நம்பறேன்.”

மாமா என் தோளைக் கிள்ளினார். “போய்ப் படுடா. அர மணி நேரம் படுத்தா இன்னா, உயிரா பூடும்? தங்கச்சி வாழ்க்கடா!”

எனக்கும் அது தெரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் தேவகி கோலப் பொடியோடு காத்திருப்பாள். ஆனால் இன்று இவருக்காகப் படுத்தால், நாளை இந்த வீட்டில் தேவகி எதற்கெல்லாம் வளைய வேண்டியிருக்கும்? வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் எதிரில் என் குரல் எழும்பியது.

“படுக்க மாட்டேன்! எனக்கு நெஞ்செரிச்சல். படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு ஏறும். பாதி வடதான் துன்னேன், அதுவே மேல வரப் பாக்குது. கட்டிலுக்குச் செங்கல் வச்சிப் படுக்கிற ஆளு நானு!”

(தெரு முழுக்கக் கேட்டது. செங்கல் சமாச்சாரம் என் மாமியாருக்கே தெரியாது.)

முனுசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். “சரி, நெஞ்செரிச்சல். தெருவுல இன்னா சொன்னாங்க?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அதுவும் வராது. “பையன் தங்கமாம். நீங்கதான் உப்பு கம்மின்னா தட்ட வீசுவீங்களாம்.”

மாமா கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் நின்ற முனுசாமியின் மனைவிதான் முதலில் சிரித்தார். “நான் சொன்னா எங்க கேட்ட? ஊரே சொல்லுது பாரு!”

“எவன் சொன்னது?” என்றார் முனுசாமி என்னிடம்.

“அத மட்டும் சொல்ல மாட்டேன்.”

கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு மாமா பக்கம் திரும்பி, “பொய்யும் சொல்லல, ஆளயும் காட்டிக் குடுக்கல. தட்ட எடுங்க” என்றார்.

தட்டை நின்றுகொண்டே மாற்றினேன். சம்மணம் போட்டால் வயிறு அழுந்தும்.

தேவகிக்கு இரண்டு பிள்ளைகள். எங்கள் சொந்தத்தில் யாருக்கு வரன் பார்த்தாலும், என்னைக் காட்டி, “மாமாவுக்குச் சோறு போட்டுத் தெருவுல வுடுங்க” என்று சிரிக்கிறார்கள். நானும் சாலவாக்கம் போகும்போதெல்லாம் சாப்பிட்டுவிட்டு நடக்கிறேன். நான் செருப்பை மாட்டியவுடன் சம்பந்தியும் சட்டையை மாட்டுவார். “உங்கள இந்தத் தெருவுல தனியா வுட மாட்டேன்” என்பார். இரண்டு மணி நேரமும் கூடவே வருவார்.

இப்போதும் அவர் தட்டு வீசுகிறாரா என்று கேட்பீர்கள். அவர் பக்கத்திலேயே நடந்தால் நான் யாரிடம் விசாரிப்பது?