மருமான் மேடையில் மாமாவுக்கு இடமில்லை

வலியசாலை,
திருவனந்தபுரம்.

மகாகனம் பொருந்திய அத்திம்பேருக்குச் சுந்தரராமன் நமஸ்காரம். இங்கு நானும் சகதர்மிணி சூடாமணியும் சௌக்கியம். அங்கு நீங்களும் அக்காவும் சௌக்கியம் என்பதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து நான் விலகிச் சித்திரையோடு ஒரு வருஷம் ஆகிறது. ஏன் விலகினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையாதலால் இதைத் தபாலில் அனுப்புகிறேன்.

விஷயம் உங்கள் பிள்ளை சாய் பற்றியது. கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கென்று வந்து எங்கள் மாடி அறையில் தங்கியவன், வேலையை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் ஜோக் சொல்கிறான் என்பதை அறிவீர்கள். 'தாய்மாமன் சொன்னால் கேட்பான்' என்று சூடாமணியின் போனில் சொன்னீர்கள். சொன்னேன். "சரி மாமா" என்றான். மறுவாரமே சினிமாவில் நடிக்கப் போய்விட்டான். படம் வந்தது. கல்யாணப் பந்தியில் ஓலன் பரிமாறுகிறான். முகம் தெரியவில்லை, கரண்டி பிடித்த கை மட்டும் தெரிகிறது. "நம்ம சாயோட கையாக்கும்!" என்று சூடாமணி தியேட்டரில் எழுந்து நின்றுவிட்டாள். பின்வரிசைக்காரர்கள் போட்ட சத்தத்தில் எனக்குத்தான் வியர்த்தது.

போகட்டும். போன சனிக்கிழமை வழுதக்காட்டில் ஒரு ஹாலில் அவனுடைய நிகழ்ச்சி. தலைப்பே 'என் குடும்பம்'. என்னைப் பற்றி வாயைத் திறந்தானானால் அந்த நிமிஷமே எழுந்து வெளியேறுவது என்று ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். முகத்தையும் அதற்கேற்பத் தயாராக வைத்துக்கொண்டேன். முதலில் உங்களை எடுத்தான். ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்து, கடைசியில் எதிர் பிளாட்பாரத்து வண்டியில் ஏறி, டிக்கெட் பரிசோதகரிடம் 'நீர்தான் வண்டி மாறி ஏறிவிட்டீர்' என்று நீங்கள் சண்டை போட்டதை அப்படியே நடித்துக் காட்டினான். ஹாலே குலுங்கியது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். அடுத்தது அக்கா. அதற்கடுத்தது சூடாமணி சாலைக் கடைத்தெருவில் தமிழில் பேரம் பேச, கடைக்காரன் மலையாளத்தில் மறுக்க, இருவருமே ஜெயித்துவிட்டதாக நினைத்துப் பிரிவது. அவளோ வெட்கமில்லாமல் கைதட்டுகிறாள். பிறகு பக்கத்து வீட்டு ஹரிகுமாரின் ஸ்கூட்டர். ஒரு ஸ்கூட்டர், அத்திம்பேரே! அதற்கு ஐந்து நிமிஷம். சரி, நம்மைக் கடைசிக்கு வைத்திருக்கிறான் என்று நான் முகத்தைத் தளர்த்தாமல் காத்திருக்க, "எல்லாருக்கும் நன்றி" என்று அவன் சொல்லி முடிக்க, விளக்கைப் போட்டுவிட்டார்கள். எழுந்து போக எனக்கு ஒரு சந்தர்ப்பம்கூடக் கொடுக்கவில்லை. வாசலில் ஹரிகுமார் வேறு என் தோளில் கைவைத்து, "சாரே, சாரைப் பற்றி ஒண்ணும் பறஞ்ஞில்லல்லோ!" என்று துக்கம் விசாரித்தார்.

மறுநாள் காப்பி நேரத்தில் கேட்டேவிட்டேன்.

"ஏண்டா, அப்பா உண்டு, அம்மா உண்டு, ஸ்கூட்டர் உண்டு. நான் என்ன வழிப்போக்கனா?"

"உங்களைப் பத்திப் பத்து நிமிஷம் இருந்தது மாமா. கொல்லத்துல பண்ணிப் பாத்தேன். ஆரும் சிரிக்கலை."

"சிரிக்காம?"

"'அய்யோ, பாவம்'னுட்டா. முன்வரிசையில ஒரு மாமி கண்ணைத் துடைச்சிண்டா. அதான் வெட்டிட்டேன்."

"அப்படி என்னத்தைச் சொன்னே?"

"வேஷ்டிக் கதைதான்."

"அதை வெறுதே விடமாட்டேளா ரெண்டு பேரும்?" என்றாள் சூடாமணி உள்ளேயிருந்து.

எந்த வேஷ்டி என்று உங்களுக்குத் தெரியும். அவன் பூணூலுக்கு அவனைத் தோளில் தூக்கி வந்தவன் நான். தாய்மாமனுக்கு ஜரிகை போட்ட ஒன்பது ஐந்து வைத்துக் கொடுப்பது உலக வழக்கம். கட்டிக்கொள்ள ஒன்பது முழம், மேலே போட்டுக்கொள்ள ஐந்து முழம். நீங்கள் தாம்பாளத்தில் வைத்து நீட்டியதோ அப்பளக்கட்டு போல ஒரு பொட்டலம். கையில் வாங்கியபோதே நாலு முழம் என்று கனத்தில் தெரிந்துகொண்டேன். பிரிக்கவில்லை, கட்டவில்லை. சாட்சியாக இன்றுவரை பீரோவில் இருக்கிறது.

இப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கொல்லத்தில் சொன்னதற்குக் கோபப்படுவதா, இங்கே சொல்லாததற்கா, சொல்லியும் அந்த ஜனங்கள் சிரிக்காததற்கா? சிரித்திருந்தால் நோட்டீஸ் விட்டிருப்பேன். பரிதாபப்பட்டதற்கு நோட்டீஸ் அனுப்பச் சட்டத்தில் இடமில்லை என்கிறார் திரவியம் வக்கீல். ஊரே சிரிக்கிற குடும்பத்தில் ஒருவனைப் பார்த்து மட்டும் அழுகிறார்கள் என்றால் அவனுக்கு அந்தக் குடும்பத்தில் என்ன இடம், சொல்லுங்கோ? ஆகவே, பையன் இனி இந்த வீட்டில் இருக்கக்கூடாது. இந்த மாதத்துக்குள் வந்து அழைத்துப் போகவும். வரும்போது சரியான வண்டியில் ஏறவும்.

அக்காவுக்கு நமஸ்காரம். அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், என்னை விசாரிக்காதவர்களுக்கு மௌனமும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
சுந்தரராமன்

பின்குறிப்பு: முந்தாநாள் உறையை ஒட்டப்போகும் சமயம் சாய் வந்தான். புதுப்படத்தில் முகம் தெரிகிற வேஷமாம், வசனமும் உண்டாம். கல்யாண வீட்டில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமா. "வருஷக்கணக்காப் பிரிக்காத வேஷ்டி கடையில கிடைக்காது மாமா" என்றான். கொடுத்தேன். கூடத்தில் நின்று பிரித்தான். பிரித்தான், பிரித்துக்கொண்டே போனான், அடுக்களை வரை போய்விட்டான். ஒன்பது முழம். உள்மடிப்பில் ஐந்து முழமும் இருந்தது. அத்தனை நைஸ் நூல், அதனால்தான் கனமில்லை. மடிப்பு மடிப்பாகப் பூச்சி அரித்திருக்கிறது. அந்த ஓட்டைதான் வேண்டும் என்று டைரக்டர் துள்ளுகிறாராம். ஆகையால் நீங்கள் வரவேண்டாம். நான் முறுக்கிக்கொண்டு காப்பியை எப்படித் தள்ளிவைக்கிறேன் என்று பார்த்துப் பழக அவனுக்கு இன்னும் சில நாள் வேண்டும். காலையிலும் மாலையிலும் தள்ளிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று, அத்திம்பேரே. 'இது ஒன்பது ஐந்து' என்று அன்றைக்கே ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். இதை மட்டும் நான் மறக்கவே மாட்டேன்.