ஓடுகிறவன் நான், பேசுகிறவள் தங்கள் மகள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதும் வணக்கம். நானும் தங்கள் மகளும் நலம். தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன வாரம் தங்கள் மகள் போனில், "அப்பா, அவர் ஓட ஆரம்பிச்சுட்டார்" என்றதும் தாங்கள் "யாரோட?" என்று கேட்டதாக அறிந்தேன். தனியாகத்தான், மாமா. காலில் ஷூ போட்டுக்கொண்டு, உடம்புக்காக. அப்படியும் சமாதானம் ஆகாமல், இந்த வெயிலில் ஓடுவதை உடனே நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். நிறுத்த முடியாது என்பதை மரியாதையோடு விளக்கவே, வாட்ஸப்பில் இந்தக் கடிதம். போனில் என்றால் தாங்கள் குறுக்கே பேசுவீர்கள்.

நான் ஏசி உதிரிபாகக் கிடங்கின் பொறுப்பாளர் என்பது தங்களுக்குத் தெரியும். கிடங்கில் ஏசி, காரில் ஏசி, வீட்டில் ஏசி. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில், கார் கதவுக்கும் கட்டடத்துக் கதவுக்கும் நடுவில்தான் வெயில் என் மேல் பட்டிருக்கிறது. கம்பெனி டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு "ஓடுங்கள்" என்றார். அறையை விட்டுத்தான் ஓடச் சொல்கிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன்.

முதல் நாள் விடிந்ததும் கிளம்பினேன். இங்கே சூரியன் எழும்போதே கோபமாகத்தான் எழும். தெருவில் ஆள் நடந்து போனாலே கார் ரிப்பேர் என்றுதான் நினைப்பார்கள்; ஓடினால் கேட்க வேண்டுமா? ஒரு தண்ணீர் லாரிக்காரர் பதறிப்போய் வண்டியை நிறுத்தினார். அவர் மொழியில் எனக்குத் தெரிந்தது "நன்றி", "நாளைக்கு வா" என்ற இரண்டும்தான், கிடங்கில் வேறெதுவும் தேவைப்பட்டதில்லை. "நன்றி" என்றேன். வேண்டாம் என்ற அர்த்தத்தில். அவர் என்னைத் தூக்கி உள்ளே உட்காரவைத்து, நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். எப்படியாவது அனுப்பிவைக்க வேண்டுமே என்று "நாளைக்கு வா" என்றேன். மறுநாள் பாவம், அதே இடத்தில் லாரியோடு காத்துக்கொண்டு நின்றார், மாமா.

அந்த வாரக் கடைசியில பெட்ரோல் பங்க் பக்கத்துல எனக்குக் கண்ணை இருட்டிடுச்சு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பண்ணினேன். நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டுத் தங்கள் மகள் காரை எடுத்துட்டு வந்தா. "ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா எங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"ன்னு கத்தினா. அழுதா. மறுநாள் காலையில நான் ஷூவைத் தொடவே பயந்துக்கிட்டு இருந்தப்போ, அவளே சாவியை எடுத்துக்கிட்டு, "ஓடணும்னா ஓடுங்க. நான் கூடவே கார்ல வரேன்"னா.

அன்னிலிருந்து நான் ஓரமா ஓட, அவ கண்ணாடியை இறக்கிவிட்டு, தண்ணி பாட்டிலும் கையுமா என் பக்கத்துலயே ஊர்ந்து வரா. பாக்கறவங்க, பெண்டாட்டி புருஷனை விரட்டிக்கிட்டுப் போறான்னு நினைச்சு, மரியாதையா அவளுக்கு வழி விடறாங்க. முதல்ல குழாய் ஒழுகறதைப் பத்திப் பேசினா. அப்புறம் வாஷிங் மெஷின். அப்புறம் திடீர்னு, "பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனப்புறம் பகல்ல என் குரலே எனக்குக் கேக்கறதில்லைங்க. அன்னைக்கு லிஃப்ட்ல மெஷின் 'கதவு மூடுது'ன்னுச்சு. 'சரிம்மா'ன்னு பதில் சொல்லிட்டேன்"னா.

வீட்டுல சொல்லியிருந்தா, "எல்லாம் சரியாயிடும், பெரிய டிவியா ஒண்ணு வாங்கிடலாம்"னு அதோட முடிச்சிருப்பேன். இங்க எனக்கு மூச்சு விடவே வாய் போதலை. வேற வழியில்லாம, காது கொடுத்துக் கேட்டேன்.

அப்பத்தான் சொன்னா: "அப்பாகிட்ட மாடி ரூமை ஒழிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன். நான் ஊருக்கே போயிடலாம்னு பாக்கறேன். உங்களுக்கு வேலை இருக்கு, நீங்க இருங்க."

தங்களுக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது, மாமா. எனக்குக் கை ஓடவில்லை. கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நின்றால் அவளும் பேச்சை நிறுத்திவிடுவாளோ என்று பயம். வழக்கமாகத் திரும்பும் இடத்தையும் தாண்டி, சாலை முடிகிற சுவர் வரைக்கும் ஓடினேன். அங்கே நின்று "போகாதே" என்று சொல்ல வாயெடுத்தால் இருமல்தான் வந்தது. இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தாள். முதுகைத் தடவிவிட்டாள். "மெதுவா. மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்" என்றாள். வீடு வந்து சேர்ந்தபிறகு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். மறுநாள் அவள் எனக்கு முன்பே எழுந்து காரில் உட்கார்ந்திருந்தாள்.

இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று, "மாடி ரூம்ல அப்பா அரிசி மூட்டையையே வெச்சுக்கட்டும், இப்போதைக்கு" என்றாள். அந்த "இப்போதைக்கு" என் காதில் விழாமல் இல்லை. ஆகவே, ஓட்டத்தை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம். எனக்கு மூச்சிரைப்பு குறையத் தாங்கள் இருவரும் ஆசீர்வதியுங்கள். முழுக்கக் குறைந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
வேர்வையுடன்,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள். "எல்லாம் சரிதான். நாளையிலிருந்து நான் ஓடறேன், நீங்க கார்ல வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டு ஷூ வாங்கக் கிளம்பிவிட்டாள். மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன், பேசுவதற்கு ஏசி கம்ப்ரஸரைத் தவிர எதுவும் தோன்றவில்லை. மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டு, ஓடவே கூடாது என்று அவளுக்கு உடனே போன் செய்து கண்டிக்கவும். அவள் கேட்கமாட்டாள் என்றால், மாமா, தாங்கள் அத்தையிடம் என்னதான் பேசுவீர்கள்? விடிவதற்குள் தெரிவிக்கவும்.