சிக்னலுக்குக் காவல் இருந்த கதை

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. (நான் விட்டேன் என்று சொல்வது மரியாதைக்காக.) பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூத்த மகளுக்குப் பேசிய மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் பெண்ணோடு வீட்டையும் வீடியோவில் பார்க்க விரும்பினார். நியாயம்தானே. ஆனால் எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. ஆகவே மொட்டை மாடியில் இடுப்பளவுக் கம்பி நட்டு, வயல் பக்கக் கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு வெள்ளைத் தட்டைப் பூட்டுவித்தேன். வயரில்லாமல் காற்றிலேயே இன்டர்நெட் வருமாம். தட்டும் கோபுரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார் பூட்டியவர். விளங்கியவன்போல் தலையாட்டினேன்.

வீடியோவில் காட்டும் நாளன்று மாப்பிள்ளையின் உம்மாவும் உறவுப் பெண்களும் வந்தார்கள். புது ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிவிடும். சிக்னலைப் பார்க்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். கொளுத்தும் வெயில். தண்ணீர்த் தாங்கியின் நிழல் தட்டுக்கு முன்னால்தான் விழுந்தது. கதிரையைப் போட்டு அமர்ந்தேன்.

கீழே "சிக்னல் போயிட்டு" என்றார்கள். எழும்பித் தட்டுக்குப் பின்னால் போய்க் கம்பியை ஆட்டினேன். "வந்திட்டு" என்றார்கள். என்ன கைராசி! திரும்பப் போய் அமர்ந்தேன். மறுபடியும் போனது. ஆட்டினேன், வந்தது. (அந்த நேரம் என்னை நான் இன்ஜினியர் என்றே நம்பிவிட்டேன்.)

குசினியின் அடுப்பைக் காட்டும்போது போனது. மகள் தலை நிமிர்ந்து ஸலாம் சொல்லும்போதும் போனது. மாப்பிள்ளையின் உம்மாவின் குரல் படியேறி வந்தது.

"இதென்ன, எதக் காட்டினாலும் கட்டாகுது? எதயும் மறைக்கீங்களா?"

சம்பந்தம் கைவிட்டுப் போகப்போகிறது. துஆ ஓதியபடி தட்டோடு இன்னும் ஒட்டி அமர்ந்தேன். சிக்னல் அடியோடு நின்றது.

அந்த உம்மா எழும்பி வெளியே நடந்தார். தெருவுக்கு வந்ததும் அவருடைய போன் அடித்தது. மகன்தான், சாதாரண அழைப்பில். மாப்பிள்ளைக்குக் கத்தாரில் இதே தட்டுப் பூட்டுகிற வேலையாம், எனக்கு அதுவரை தெரியாது. ஸ்பீக்கரில் கேட்டார்:

"உம்மா, மேல பாருங்க. தட்டுக்கு முன்னால மரம் கிரம் ஏதும் நிக்குதா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். நான் குனிந்து பார்த்தேன்.

"மரமில்ல மகன். பொண்ணுட வாப்பா இரிக்கார்."

தெருவே சிரித்தது. கத்தாரும் சிரித்தது. நான் இறங்கி வந்தேன், மகளின் முகம் வீடியோவில் பளிச்சென்று தெரிந்தது. அந்த வீட்டில் மறைத்து வைத்திருந்தது என்னை மட்டும்தான் என்று சம்பந்தி இன்றும் ஊரெல்லாம் சொல்கிறார்.

இப்போது மருமகன் எங்களோடுதான். இன்டர்நெட் நின்றால் யாரும் அதன் பெட்டியைப் பார்ப்பதில்லை. "மாமா எங்க?" என்றுதான் கேட்கிறார்கள். சற்றுமுன் நின்றபோது இந்தக் கட்டிலில் சாய்ந்து இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருவரும் நம்பவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அடுத்த நாள், அஸருக்குப் பின்.