பனிப் பந்தயத்தில் நம்ம பையன்

"அவன் வுழற எடத்த மட்டும் வெட்டிடேன், தெய்வசிகாமணி" என்று சூசை கெஞ்சினார்.

ஆபரேட்டர் தெய்வசிகாமணி சிரித்தான். "எவனோ வெள்ளக்காரன் வுழுந்தா உனக்கென்னண்ணே?"

"அவன் வெள்ளக்காரன் இல்லப்பா. எம் புள்ள."

தெய்வசிகாமணி சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

சூசை அந்தச் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர். அந்த வாரம் படத்துக்கு முன்னால் காட்டிய நியூஸ் ரீலில் ஏதோ குளிர்தேசத்து உலகப் பந்தயம் வந்தது. ஆம்பிளைகள் பூட்ஸுக்கு அடியில் கத்தி கட்டிக்கொண்டு, இடுப்பை ஒடித்துக் குனிந்து, ஒரு கையை முதுகில் மடித்துப் போட்டபடி பனிக்கட்டித் தரையில் பறந்தார்கள். ஐஸ் கிடைத்தால் சர்பத்தில் போட மட்டுமே தெரிந்த ஊருக்கு அதன்மேல் ஓடலாம் என்பதே புதுச் செய்தி.

சூசையின் ஒரே மகன் அலெக்சாண்டர் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சைகோனுக்குப் போனவன். சண்டை முடிந்து மற்றவர்கள் கப்பலில் திரும்பினார்கள். சர்க்கார் அவனை 'காணோம்' என்று எழுதி அனுப்பிவிட்டது. ஆனால் அவனோடு பட்டாளத்தில் இருந்த பலராமன், சாராயக்கடையில் வைத்து சூசையிடம் தனியாகச் சொன்னான்: "எங் கண்ணு முன்னாலதாண்ணே வுழுந்தான். எழுந்திருக்கல."

சூசை அதை மனைவி சூசைமேரியிடம் சொல்லவில்லை. 'காணோம்' என்பதில் ஒரு நம்பிக்கையாவது இருக்கிறது. அதையும் பிடுங்குவானேன் என்று நான்கு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தார். அவளோ சோற்றையும் பேச்சையும் குறைத்துக்கொண்டே வந்தாள்.

அவளைச் சற்று வெளியே இழுத்துவரத்தான் கொட்டகைக்குக் கூட்டிவந்தார். பனியில் ஓடுகிறவர்கள் எல்லோரும் காதுவரை குல்லாய் போட்டுக் குனிந்தே ஓடியதால் யார் முகமும் தெரியவில்லை. சூசைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"முன்னால ஓடறானே, அந்தத் தோளு நம்ம அலெக்சாண்டர் மாரி இல்ல?"

சூசைமேரி திரையைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தையே பார்த்தாள். பிறகு, "மாரி என்னங்க, அவனேதான்" என்றாள்.

அடுத்த வளைவில் அந்தப் பையன் விழுந்தான். சறுக்கிக்கொண்டே போய் பனிக்குவியலில் மோதினான். எழுந்தானா என்று காட்டாமல் ரீல் ஏதோ ரோஜாக் கண்காட்சிக்குத் தாவிவிட்டது. சூசைமேரி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுந்துருவான்" என்றாள்.

மறுநாளிலிருந்து தினமும் வந்தாள். தினமும் பையன் விழுந்தான். தினமும் கதவோரம் நின்று அதைப் பார்க்க சூசையால் முடியவில்லை. அதனால்தான் இந்தக் கெஞ்சல்.

தெய்வசிகாமணி வெட்டி ஒட்டினான். இப்போது பையன் வளைவுக்கு வந்ததும் ஒரு சீமாட்டி கைநிறைய ரோஜாவோடு சிரித்தாள்.

"ஜெயிச்சுட்டானா?" என்றாள் சூசைமேரி.

"பின்ன? பஸ்ட்டு!" என்றார் சூசை, ஆசை தாங்காமல்.

பின்வரிசையில் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. விடிவதற்குள் முதலியார்பேட்டைக்கே விஷயம் தெரிந்துபோயிற்று.

"ஏன் சூசை, உம் மவன் ஐஸ் மேல எங்க ஓடிப் பழவுனான்?"

"சைகோன்ல."

"சைகோன்ல ஏதுய்யா ஐஸு?"

"ஐஸ் பாக்டரில" என்றார் சூசை. வேறு என்னதான் சொல்வார்?

தெருவே திரண்டு வந்தது. நியூஸ் ரீலுக்கு விசில் அடித்து, ரோஜாச் சீமாட்டிக்குக் கை தட்டி, படம் ஆரம்பித்ததும் எழுந்து போனது. வாலிபர் சங்கம் சூசைக்கு மாலை போட்டது. வெள்ளிக்கிழமை ரீல் மாற வேண்டும். மாலை போட்ட சங்கத்துக்கு என்ன சொல்வது என்று பயந்து, சூசை இன்னும் ஒரு வாரம் ஓட்டும்படி தெய்வசிகாமணியின் காலில் விழாத குறையாகக் கேட்டார். அவனும் ஓட்டினான். சனிக்கிழமை, ஒட்டுப்போட்ட இடம் மிஷினில் சிக்கி, கொட்டகை நிறைந்த கூட்டத்தின் முன்னால் ரீல் கருகியது.

முதலாளி நாராயணசாமி குதித்தார். "சினிமா பாக்க வர்றவன் எவனும் சினிமா பாக்கல! இருக்குற ரீலையும் வெட்டிட்டீங்க! யார்ரா செஞ்சது?"

"நாந்தான்" என்றார் சூசை.

"நாளையிலேந்து வராத."

வீட்டுக்கு வந்து, "ரீலு போயிடிச்சி. அவனும் வேற தேசத்துப் பந்தயத்துக்குப் போயிட்டான்" என்றார்.

"போவட்டும். நீங்க சாப்புடுங்க" என்று மீன்குழம்பை ஊற்றினாள் சூசைமேரி.

காலையில் சட்டைப் பையில் கை விட்டார். தெய்வசிகாமணி வெட்டிக் கொடுத்த பிலிம் துண்டு கிடந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கட்டத்துக்குக் கட்டம் பையன் விழுந்துகொண்டே இருந்தான். ஒன்றில்கூட எழுந்திருக்கவில்லை. நடுத்தெருவில் நின்று அழுதார் சூசை. பெற்ற பிள்ளைக்கு ஊரையே விசில் அடிக்கவைத்த அப்பன், அவன் ஆத்துமத்துக்கு ஒரு பூசைகூடக் கொடுக்கவில்லையே!

நேராக மாதா கோயிலுக்குப் போனார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சின்னப்பன் பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எம் மவன் ஆத்துமத்துக்கு ஒரு பூசை குடுக்கணும், சின்னப்பா. ஆனா பூசைல சாமியாரு அவன் பேர வாசிக்கக் கூடாது. எங்க வூட்டுக்காரி காதுல வுழுந்தா உசுர வுட்டுடுவா."

சின்னப்பன் துணியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, பலராமன் வந்து சொன்ன வருஷத்துலேந்து அவனுக்குப் பேரு வாசிக்காமதான் பூசை நடக்குது. 'எங்க வூட்டுக்காரரு இன்னும் புள்ள வருவான்னு நம்பிக்கினு இருக்காரு, அவரு காதுல மட்டும் வுழ வேணாம்'னு அண்ணிதான் எங் கையப் புடிச்சிக்கினு கேட்டாங்க."