மூன்று மாதமாக வேலை பார்த்த பாண்டியம்மாள்

வாட்ச்மேன் வீரன் வந்தவளின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பாண்டியம்மாளைக் கண்டதும் எழுந்து சலாம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"இன்னைக்கு அஞ்சு நிமிசம் லேட்டுங்க மேடம்."

பாண்டியம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை.

"நான் இன்னைக்குத்தான் மொதத் தடவையா வாரேன் அண்ணே. இண்டர்வியூவுக்கு."

"சரிங்க மேடம்," என்று சிரித்தார். அவள் படியேறும் வரைக்கும் அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஜூன் மாதம். பாண்டியம்மாள் கோவையில் சட்டப் படிப்பின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். அம்மா ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துத்தான் அவளைப் படிக்க வைத்தாள். வக்கீல் சொந்தம் யாரும் இல்லாத பிள்ளைகளுக்குக் கல்லூரியில் பேராசிரியை ஜானகியம்மாள்தான் கதி. பயோடேட்டாவில் போட்டோ ஒட்டி, கையெழுத்து வாங்கித் தபாலில் போடுவார். எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் பழக்குவார். பாண்டியம்மாளின் பயோடேட்டா பதினோரு இடத்துக்குப் போய், எங்கிருந்தும் பதில் வரவில்லை.

"தபாலை நம்பினது போதும். நேர்ல போய் நில்லு," என்று கல்லூரி சீல் வைத்த கடிதம் கொடுத்து, அந்தப் பதினொன்றில் ஒன்றான, அவிநாசிபாளையம் ரோட்டிலிருந்த இந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அவர்தான் அனுப்பினார்.

தையல் பிரிவுக்குள் அவள் கால் வைத்ததும் அறுபது மிஷினும் ஒரே சமயத்தில் நின்றன. அறுபது பேரும் திரும்பினார்கள்.

"வணக்கங்க மேடம்."

பிறகு அறுபது மிஷினும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தன.

மேனேஜர் கிட்டுசாமி வேகவேகமாக வந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போட்டோவுல இருக்கிற மாதிரியே இருக்கீங்களே," என்று மெய்மறந்து நின்றார்.

"சார், நான் பாண்டியம்மாள்."

"அதேதானுங்க. அப்படியே சொல்லுங்க."

"காலேஜ்ல லெட்டர் குடுத்திருக்காங்க."

கிட்டுசாமி கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சீலு வேறயா. இது நாங்க கேக்கவே இல்லீங்களே," என்று பாராட்டிவிட்டு, ஓர் அறையைத் திறந்தார்.

மேஜைமேல் பலகை இருந்தது. 'மூ. பாண்டியம்மாள், பி.எல்., சட்ட அலுவலர்.' மூக்கையாவின் மகள் என்பதற்கான 'மூ' கூடச் சரியாக இருந்தது. அவள் அதைத் தொட்டாள். பெயின்ட் விரலில் ஒட்டியது.

"சார், இதுல என்னமோ தப்பு நடந்திருக்கு. நான் இங்க வேலையே பாக்கலை."

"மூணு மாசமாப் பாக்கறீங்க," என்றார் கிட்டுசாமி. அதட்டாமல், காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோலச் சொன்னார். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நீங்க யாரா வேணாலும் இருந்துக்கங்க. அதுவரைக்கும் நீங்க பாண்டியம்மாள்தான்."

வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நினைத்து அதைக் கேட்டு வாங்கினாள். தீரவில்லை. மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும் அவள் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்துக்குக் கீழே அவள் போடும் சுழிகூட இருந்தது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி மட்டும் 'லீவு, காய்ச்சல்.' அந்த மாதம் அவளுக்கும் காய்ச்சல் வந்திருந்தது, எந்தத் தேதி என்றுதான் நினைவில்லை.

உட்கார்ந்துவிட்டாள். ஒருவேளை வந்திருப்போமோ? பரீட்சைக்குத் தூங்காமல் படித்ததில் புத்தி கலங்கி, தினமும் இங்கே வந்துபோனது தனக்கே தெரியாமல் போயிற்றோ?

டீ கொண்டுவந்த சின்னாத்தாள் டம்ளரை வைத்துவிட்டு, "எப்பவும் போலச் சக்கரை கம்மிங்க," என்றாள். பாண்டியம்மாள் சர்க்கரை கம்மியாகத்தான் குடிப்பாள்.

அடுத்து மருதாள் என்ற தையல்காரப் பெண் வந்து நின்றாள். சுவரைப் பார்த்தபடி, "போன மாசம் எங்க பிரச்சனையத் தீத்து வெச்சதுக்கு ரொம்ப நன்றிங்க மேடம்," என்றாள்.

"என்ன பிரச்சனைங்க?"

"போன மாசம் எங்க பிரச்சனையத் தீத்து வெச்சதுக்கு ரொம்ப நன்றிங்க மேடம்."

அதே குரல், அதே இழுவை. பாண்டியம்மாள் மேஜைமேலிருந்த ஃபைலைப் பிரித்தாள். 'பெண்கள் கழிவறை பகலெல்லாம் பூட்டியே கிடக்கிறது. புகார் கொடுத்தவர்: மருதாள்.' கீழே, 'தீர்க்கப்பட்டது.' அதற்கும் கீழே அவள் கையெழுத்து.

"தொறந்துட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மருதாள் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவள் கண்ட முதல் நிஜமான அசைவு அதுதான். பயத்துக்கு நடுவிலும் பாண்டியம்மாளுக்குக் கோபம் வந்தது. தான் போட்டதோ, பேய் போட்டதோ, தன் பெயரில் ஒரு பொய் இருக்கிறது.

அப்போது ஜன்னல் வழியாக ஒரு கார் தெரிந்தது. கிட்டுசாமி ஓடிவந்து, "நம்ம துணி வாங்கற ஜெர்மன் கம்பெனிக்காக, சட்ட ஆபீசர் இருக்காங்களான்னு மெட்ராஸ்ல இருந்து செக் பண்ண வந்துட்டாங்க," என்று நெற்றியைத் துடைத்தார்.

வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. உட்காராமலே கேட்டார்.

"எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?"

எதிரே இருப்பவரை ஜானகியம்மாளாக நினைத்துக்கொள்ள முயன்றாள் பாண்டியம்மாள்.

"என் கையெழுத்து மூணு மாசமா இருக்குங்க மேடம்."

அவர் மேஜைமேல் விரிந்து கிடந்த ஃபைலைப் பார்த்தார். "இந்தக் கழிவறைப் புகார் தீர்ந்துடுச்சா?"

"தீரலைங்க. ஃபைல்ல இருக்கறது தப்பு. தொழிற்சாலைச் சட்டப்படி வேலை நேரத்துல அதைப் பூட்டவே கூடாது. சாவி இன்னைக்கு என் டேபிளுக்கு வரணும்."

கிட்டுசாமியின் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய், சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தது. வாசலில் நின்ற மருதாள் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். வெளியே வரிசை வரிசையாக மிஷின்கள் நின்றன. இந்த முறை ஒரே சமயத்தில் அல்ல.

வந்தவர் வெகுநேரம் எழுதினார். பிறகு கிட்டுசாமியைப் பார்த்து, "தப்பைத் தப்புன்னு சொல்ற ஆளை இந்த ஊர்ல இன்னைக்குத்தான் பாக்குறேன். மாசாமாசம் வருவேன். இவங்ககிட்ட மட்டும்தான் பேசுவேன்," என்றார்.

காரை அனுப்பிவிட்டுத் திரும்பிய கிட்டுசாமி கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"மாசாமாசம் வர முடியுங்களா?"

"தினமும் வரத்தான் சார் லெட்டரோட வந்தேன்."

அங்கேயே டைப் அடித்து வேலை உத்தரவு கொடுத்தார். பாண்டியம்மாள் அதை இரண்டு முறை படித்தாள். தேதி இன்றைய தேதிதான். அம்மாவிடம் என்னவென்று சொல்வது என்றுதான் புரியவில்லை.

சின்னாத்தாள் இன்னொரு டீயோடு வந்தாள். மேஜைக்கு நாலடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"ஏங்கண்ணு, பாண்டியம்மா வேசத்துல நடிக்கறதுக்கு மேனேசரு ஏற்பாடு பண்ணுன நாடகக்காரப் பொண்ணு, பஸ்ஸு ரிப்பேராகி இப்பத்தான் கேட்டுல வந்து எறங்கியிருக்குது. அப்ப காத்தால இருந்து இங்க உக்காந்திருக்கற நீ ஆரு?"